ஸ்லாவியரின் குதிரையும் செல்வராணி அக்காவும்

நவம்பர் 9, ஞாயிறு

இன்று லண்டன் லூயிஷாம் தமிழ்ச் சபையில், இடைக்காலத்துக் கிழக்கு ஐரோப்பாவின் ஸ்லாவியர் குறி பார்த்த விதத்தைச் சொல்லிப் பிரசங்கித்தேன். தரையில் ஈட்டிகளைப் பரப்பி, கறுப்புக் குதிரை கால் படாமல் கடந்தால் போருக்குப் போவார்களாம். அங்கே போன மிஷனரி அந்தக் குதிரையை வண்டியிழுக்க விற்கச் செய்தார் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் செல்வராணி அக்கா வந்தார். அவருடைய மகன் ஈழப் போரில் காணாமற்போனவன்.

"பாஸ்டர், ஞானஸ்நானம் எடுத்ததிலயிருந்து காகம் கத்தினாலும் நான் வாசலைப் பாக்கிறேல்லை. பாவமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம் அக்கா."

"முந்தி அது கத்திற நாளிலயாவது பிள்ளை வருவானெண்டு இருக்கும்."

ஜெபிக்கலாம் என்று கண்களை மூடினேன். நான் தொடங்குவேனென்று வெகுநேரம் காத்திருந்துவிட்டு, அவரே ஆமென் சொல்லி பஸ்ஸுக்குப் போனார்.