விழித்திருக்கிறாரா என்று கேட்டவளுக்கு

இன்று தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துக் கடையில் ஒருவன் செல்போனைப் பிரித்து ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உன் முகம் வந்துவிட்டது. ஆபரேஷன் நாட்களில் காலையில் நான் ஆம்ப்ளிஃபயரின் ஒயர்களைப் பற்ற வைப்பேன், நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்தோட மனுஷாளோட மூளைக்குள்ள போகணுமாடி?" என்பாய். கரமனை அக்ரஹாரத்துக்காரி நீ, பாறசாலைப் பக்கத்துக்காரி நான். அந்த ஆபரேஷன் தியேட்டரில் நமக்குள் மட்டும்தான் தமிழ், மற்றவர்களுக்கெல்லாம் மலையாளம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கைநடுக்கத்துக்கு மூளையில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு நிறுத்துவார்கள். அந்தப் புள்ளியைத் தேடி மெல்லிய ஊசி உள்ளே போகும். அதன் நுனியில் படுகிற செல்லின் துடிப்பு என் ஸ்பீக்கரில் கேட்கும். என் வேலை கருவியைப் பார்ப்பது, உன் வேலை கேட்பது.

மீட்டரை நம்பாதே என்று சண்டை போடுவாய். ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்று அது காட்டும், அவ்வளவுதான். ஒன்றொன்றாக வந்தாலும் கொத்தாக வந்தாலும் அதற்கு ஒரே கணக்கு. "கதவை ஒரு தட்டுத் தட்டினா உள்ளே இருக்கறவா காதில விழாம போகலாம். படபடன்னு நாலு தட்டு தட்டினா எழுந்து வந்துதானே ஆகணும்? செல்லும் அப்படித்தான் ஆக்கும்," என்றாய். ஒற்றைத் துடிப்பு அடுத்த செல்லைத் தாண்டாமலே தொலைந்துபோகலாம், கொத்து தாண்டிவிடும் என்பது எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

விதுரா சந்தையில் தையல்கடை வைத்திருந்த அண்ணாச்சியை மறந்திருக்க மாட்டாய். திருநெல்வேலிக் குடும்பம். வலது கை ஆடி ஆடி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் கடையைப் பூட்டியிருந்தார். நடுக்கம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முந்தின நாளே மாத்திரையை நிறுத்தியிருந்தோம். அதனால் ராத்திரி முழுக்க அவருக்கு உறக்கமில்லை. தலையை இரும்புச் சட்டத்தில் இறுக்கி, நெற்றிவரை பச்சைத் துணி போட்டிருந்தது.

ஊசி இறங்கியது. ஸ்பீக்கரில் முதலில் சாரல். பிறகு டர்ரக், டர்ரக் என்று அழகான கொத்துகள். அதே சமயம் அவர் கை ஆடுவது நின்றது. சரியான இடத்தில் ஊசி பட்டாலே சில பேருக்கு நடுக்கம் அடங்கும் என்பது தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். சர்ஜன் முகம் மலர்ந்துவிட்டது.

"மதி. இவிடெத்தன்னே. சுடாம்," என்றார். போதும், இதே இடத்தில் சுட்டுவிடலாம் என்று.

சுட்டால் சுட்டதுதான். திரும்ப எடுக்க முடியாது. நீ எழுந்து நின்றாய்.

"சார், ஒரு மினிட். புள்ளி உறங்குகயாணோ எந்நு நோக்கட்டே."

நோயாளியை, மலையாளப் பேச்சில் ஆசாமி என்கிற மாதிரி, புள்ளி என்று நீ சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். "கையும் நிந்நு, பர்ஸ்டும் உண்டு. இனி எந்து வேணம்?"

பர்ஸ்ட் என்றது அந்தக் கொத்துகளைத்தான். நீ துணியைத் தூக்கிக் குனிந்தாய். "அண்ணாச்சி, தூங்கறேளா?"

"இல்ல மோளே... கண்ணு லேசா சொருகிட்டு."

அவர் பேசின அந்த நொடியில் ஸ்பீக்கரில் கொத்துகள் உதிர்ந்து ஒற்றை ஒற்றையாயின. கை மறுபடி ஆடத் தொடங்கியது. அரைத் தூக்கத்தில் அந்தச் செல்கள் கொத்தாகத்தான் துடிக்கும், தூக்கத்தில் நடுக்கமும் நிற்கும். இரண்டும் சேர்ந்து எங்கள் எல்லோரையும் ஏமாற்றியிருந்தன. நீ நர்ஸிடம் பஞ்சால் அவர் கட்டைவிரலைத் தடவச் சொன்னாய். தடவத் தடவ ஸ்பீக்கர் இரைந்தது. ஊசி நின்றது விரலின் தொடு உணர்வுக்கான இடத்தில். சுட்டிருந்தால் அந்த விரல் மரத்துப்போயிருக்கும். தையற்காரரின் விரல்.

சர்ஜன் ஊசியை வெளியே எடுத்து, கொஞ்சம் முன்னால் தள்ளி மறுபடி இறக்கினார். நீ அண்ணாச்சியைத் தூங்கவிடாமல் பொன்முடி பஸ், ஜாக்கெட் கூலி என்று வாயைக் கிளறிக்கொண்டே இருந்தாய். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கொத்துகள் வந்தன, கையின் ஆட்டத்தோடு தாளம் தப்பாமல். நீ தலையசைத்தாய். சுட்டார்கள். கை நின்றது. அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் உரசிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கான்டீனில் கேட்டேன்: "நீ எப்பிடி பிள்ளே அம்பிட்டு உறுதியா சொன்ன?"

"உறுதியா? நன்னாயிருக்கு. கொத்து வந்தப்போ கை ஆடலே. ரெண்டும் ஜோடியா வரணுமேன்னு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அவர் முழிச்சிண்டு இருந்திருந்தா என் மானம் போயிருக்கும்." சொல்லிவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினாய்.

உனக்கு நோய் வந்து முற்றிய பிறகு, ஸ்பீக்கரைக் கேட்க நீ உட்காரும் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். நீ போய் மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது. இப்போது திரையில் வண்ணமாகக் கோடுகள் ஓடுகின்றன, எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு அம்மாவுக்கு ஊசி இறக்கியதும் கொத்துகள் வந்தன, கை நின்றது, டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் எழுந்து நின்று, அவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்றேன்.

அந்த அம்மா நன்றாக விழித்துக்கொண்டிருந்தார். "எந்தா மோளே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். சின்ன டாக்டர் ஒருவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெளியே வந்ததும் இதை உன்னிடம் சொல்லித் திட்டு வாங்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. வராந்தாவில் பாதி தூரம் நடந்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

உள்ளே அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். அவரிடமும் கேட்டேன்.