பஞ்சு சாப்பிடாத எட்டு நாட்கள்

அம்மா,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட நோட்டுதான். ஆனாலும் வரிகள் மலைப்பாதை மாதிரி ஏறி இறங்குகின்றன. எழுதுவது உங்கள் தோட்டக்காரன்தான். ஆறு மாதமாக அங்கன்வாடியில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். நேற்று தாண்டிக்குடி பஸ்ஸின் பலகையை உரக்கப் படித்தேன். "ஏறுங்க பெருசு" என்றார் கண்டக்டர். "ஏற வரலைங்க, படிக்க வந்தேன்" என்றேன்.

இன்று காலை குளிருக்கு ஸ்வெட்டர் தேடியபோது, பெட்டியின் அடியில் உங்கள் காகிதம் கிடந்தது. வைத்தியத்துக்கு மதுரை போன அன்று, அட்டுவம்பட்டி வீட்டு வாசலில் கார் நிற்க, உங்கள் நாய் பஞ்சுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கையில் கொடுத்தீர்களே, அது.

"பஞ்சு சோத்துக்கு ரொம்பக் கிராக்கி பண்ணும். எல்லாம் இதுல எழுதியிருக்கேன், பெரியவரே. படிச்சுக்கிருவீங்கல்ல?"

"அதெல்லாம் படிச்சுக்கிருவேன்மா. நீங்க வெரசா கெளம்புங்க."

பத்து வருடம் வேலை பார்த்தும், எழுத்து தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோழியை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைத்தேன். பஞ்சு மோந்துவிட்டு உங்கள் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தயிர்சோறும் வேண்டாம், ரொட்டியும் வேண்டாம். பாலை மட்டும் நாலு நக்கு நக்கும். "ஏலே, ஒரு வாய் தின்னுலே. அம்மா வந்தா என்னையத்தான் கேப்பாங்க" என்று சமையலறை வாசலில் நின்று கெஞ்சுவேன். பிறகு வழக்கம்போல என் தூக்குச்சட்டியோடு தோட்டத்துக் கொட்டகைக்குச் சாப்பிடப் போய்விடுவேன். காகிதத்தை யாரிடமாவது காட்டியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

ஐந்தாம் நாள் போனில் கேட்டீர்கள். "சாப்பிடுதா?"

"நல்லா சாப்பிடுதும்மா."

"நான் எழுதுன மாதிரிதானே?"

"அப்படியே செய்றேன்மா."

"அப்பாடா! ஒருவழியா உள்ள வந்துட்டீங்க" என்று சிரித்தீர்கள். எனக்கு விளங்கவில்லை. ஆமாம் போட்டேன்.

எட்டாம் நாள் நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. கொட்டகையில் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். பஞ்சு தள்ளாடி வந்து முழங்கால் ஓரம் நின்றது. மூடியில் கொஞ்சம் சோறு வைத்தேன். தொடவில்லை. நான் ஒரு வாய் மென்றதும் அதுவும் தின்றது.

இன்று உங்கள் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"பஞ்சு தனியாகச் சாப்பிடாது. சமையலறைக்குள் வந்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். கொட்டகைக்குப் போகாதீர்கள். எத்தனையோ முறை கூப்பிட்டும் வரவில்லை. பஞ்சுக்காகவாவது வருவீர்கள்."

அந்த ஜீவனைப் பட்டினி போட்டது நான்தான், அம்மா. உங்களிடம் கடைசியாகப் பேசியதும் பொய்தான். படிக்கத் தெரிந்த சந்தோஷத்தில் இதுவும் சேர்ந்து கிடக்கிறது, என்ன செய்ய?

பஞ்சு இப்போது என் வீட்டில் இருக்கிறது. இரண்டு பல் போய்விட்டது. இன்னும் நான் ஒரு வாய் போட்ட பிறகுதான் தட்டில் வாய் வைக்கும். இனி வாராவாரம் அது என்ன தின்றது, எதை ஒதுக்கியது என்று உங்களுக்கு எழுதப்போகிறேன். தின்னவில்லை என்றால், தின்னவில்லை என்றே எழுதுவேன்.