மாணிக்கத்துக்கு: ரொட்டியில் நான் தடவியது

அன்பு மச்சான் மாணிக்கம்,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. நம் ரொட்டிக்கடை இன்னும் தேக்காச் சந்தைப் பக்கம்தான் இருக்கிறது. அதை மூடாமல் வைத்திருக்க நான் செய்த காரியம் தெரிந்தால் நீ என்னை அடிக்க வருவாய். வா. அடி வாங்கத்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரப் பட்டாளம் ஊரைக் காலி செய்யப்போகிறது என்று சொன்ன நாளிலிருந்து யார் முகத்திலும் களை இல்லை. பட்டாளத் தளத்தில் வேலை பார்த்த நம் ஆட்களில் பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது. முழு ரொட்டி வாங்கியவர்கள் பாதி கேட்டார்கள். பாதி கேட்டவர்கள் வரவே இல்லை. இந்தக் கடையை விட்டால் உன் சிவகாமிக்கும் பிள்ளைகளுக்கும் வேறு என்ன கதி?

"வேலைக்குப் போறவங்க கையில பிடிச்சுச் சாப்பிடற மாதிரி சாண்ட்விச் போடுவோம்ணே" என்று அவள்தான் சொன்னாள். உருளைக்கிழங்கு மசியல், வெள்ளரிக்காய், கடலைச் சட்டினி. முட்டை, பால், நெய் எதுவும் கடைக்குள் வரக்கூடாது என்ற உன் பிடிவாதத்தை நாங்கள் விடவில்லை. கன்றுக்குட்டியின் பாலுக்காக என்னோடு சண்டை போட்டவன் அல்லவா நீ? நான் வீட்டில் பிரியாணி தின்றுவிட்டு வந்தால் வாசலிலேயே மறித்து, "போய்க் கையைக் கழுவிட்டு வாடா" என்பாயே. இப்போதும் கழுவிக்கொண்டுதான் வருகிறேன்.

ஆனால் வாங்கியவர்கள், "தொண்டையை அடைக்குது பாய், எதையாவது தடவிக் கொடுங்க லா" என்றார்கள். மளிகைக்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம், வெண்ணெய் மாதிரித் தடவுகிற மாஜரின் டின் ஒன்று மலிவாகக் கிடைத்தது. மேலே பச்சை இலைப் படம். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். "இதில் பால், வெண்ணெய் இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை என்றார். உன்னோடு பழகிப் பழகி எனக்குப் பால் பயம் மட்டும்தான் இருந்தது. வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. பஸ் ஓட்டுநர்கள் காலையில் வரிசை கட்டினார்கள். கேலாங் மடத்திலிருந்து முட்டைகூடத் தொடாத சீனச் சந்நியாசினிகள் வந்தார்கள். உன் திவசத்தன்று பொழுது சாயும்வரை பட்டினி கிடந்த சிவகாமிக்கு என் கையாலேயே ஒரு சாண்ட்விச் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது டின் வாங்கப் போனபோது தவுக்கே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாய், உன் கூட்டாளி வீட்டு ஆளுங்களும் இதைச் சாப்பிடறாங்களா? இது மாட்டுக்கொழுப்பு லா."

யார் அறுத்த மாடோ, எப்படி அறுத்த மாடோ, எனக்கும் அது ஹராம்தான். ஆனால் அதை யார் கேட்பார்கள்? கலவரத்தில் ஊர் ரத்தம் பார்த்து அதிக நாளாகவில்லை. பாய் வேண்டுமென்றே மாட்டைத் தின்னக் கொடுத்தான் என்று ஒருவன் கிளப்பிவிட்டால் போதும். டின்னைக் குப்பையில் போட்டுவிட்டு மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அப்படியே மறைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, மாணிக்கம்.

நான்காம் நாள் சிவகாமியிடம் சொன்னேன். குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "யார் வாங்கினதுன்னு வெளிய யாருக்காச்சும் தெரியுமாண்ணே?" என்று கேட்டாள். தவுக்கேயைத் தவிர யாருக்கும் தெரியாது என்றேன்.

மறுநாள் காலை வரிசையில் நின்றவர்களிடம் நான் சொல்லத் தொடங்குமுன் அவள் முன்னால் வந்து நின்றாள். "நீங்க சாப்பிட்டதுல மாட்டுக்கொழுப்பு கலந்திருந்துச்சு. தெரியாம நான்தான் வாங்கிட்டேன். மன்னிச்சிருங்க."

ஒருவன் படியில் காறித் துப்பினான். நான் ரொட்டிக் கத்தியைப் பிடித்தபடி நின்றேன். இல்லை, வாங்கியது நான் என்று சொல்ல எத்தனை நேரமாகும்? சொல்லவில்லை.

இப்போது வரிசை இல்லை. அடுப்பை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மூட்டுகிறோம். உன் சொந்தக்காரர்கள் அவள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உன் தம்பிக்குப் புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடு கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை குடிபோகிறான். கட்டின புருஷன் திவசத்தில் மாடு தின்றவள் என்று அண்ணியைக் கூப்பிடவில்லை. என் பழியை நீ ஏன் சுமந்தாய் என்று சிவகாமியிடம் கேட்டதற்கு, "உங்க பேர் வந்திருந்தா கடையை மட்டுமா எரிச்சிருப்பாங்க? விடுங்கண்ணே" என்கிறாள்.

விடமாட்டேன். வெள்ளிக்கிழமை நான் போகிறேன். உன் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், வாங்கியவன் நான், தடவியவன் நான், அவள் கையில் கொடுத்தவனும் நான் என்று சொல்வேன். அடித்தால் அடிக்கட்டும். உன் தம்பி போய் அவளை அழைத்து வரும்வரை அந்த வாசலைவிட்டு நகரமாட்டேன். இது உன்மேல் ஆணை.

சிவகாமிக்கு அண்ணனாக நடந்துகொள்ளத் தவறிய,
உன் மச்சான்
காதர்