சாமிக்கு முந்திய பானகம்

ஏய் பட்டாசு,

காலையில் வெல்லத்தைத் தட்டி அண்டாவில் போட்டுக் கரைத்தேன். சுக்கும் ஏலக்காயும் சேர்ந்ததும் வாசம் கிளம்பியது. கூடவே உன் குரலும் காதுக்குள் கிளம்பிவிட்டது. இன்று டெல்லியில் நம் தமிழ்ச் சனம் குடியிருக்கும் பஸ்தியில் ஆடித் திருவிழா. போன குளிரில் நீ கண்ணை மூடிய பிறகு வரும் முதல் திருவிழா. மைக் செட் கட்டியும் சத்தமே இல்லை, போ.

என் பவி சின்னப் பிள்ளையாக இருந்த அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்த புதிது. ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா இந்தியில் சொன்னதை நீ பஸ்ஸில் எனக்குத் தமிழில் கத்திக்கொண்டே வந்தாய். பஸ்ஸுக்கே வைத்தியம் தெரிந்துபோனது.

"கரகம் மெயின் ரோட்டைத் தாண்டிடுச்சு, இதோ படையல்" என்றார் பூசாரி. அதை நம்பிப் பவிக்கு ஊசி போட்டோம். கரகமோ துவாரகா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. அம்மனுக்குப் படைக்காமல் யாரும் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. சர்க்கரை இறங்கினால் கொடுக்கவென்று பையில் வைத்திருந்த டாஃபியை மகராசி பவி தன் கூட்டாளிகளுக்குப் பங்கு வைத்து முடித்திருந்தாள்.

பவி சிணுங்க ஆரம்பித்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. தொட்டால், "சோடோ மம்மி, விடு!" என்று கையைத் தட்டிவிட்டாள்.

"பொண்ணுக்குத் திமிரப் பாரு" என்றது கூட்டம்.

நீதான் அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாய். நடுங்கியது.

"திமிரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. சர்க்கரை இறங்குதுடி!"

சாமி முன்னால் இருந்த பானக அண்டாவில் நேராக டம்ளரை விட்டு மொண்டாய். பூசாரி பதறிப்போனார்.

"ஏம்மா, அம்மனுக்கு இன்னும் காட்டலையே!"

"நீ மணிய ஆட்டுய்யா. அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பவி குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, "அத்தை, நல்லாருக்கு" என்று சிரித்தாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. விரலில் குத்திப் பார்த்தோம், ஏறியிருந்தது. உடனே இட்லியைப் பிட்டு ஊட்டினோம். மறு வருஷத்திலிருந்து, படையலுக்கு முன்னால் பூசாரியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்: "முதல் டம்ளரு நம்ம பவிக்கு!"

பவி இப்போது மெட்ரோவில் தனியாக வேலைக்குப் போகிறாள். "டாஃபி இருக்கா? சுகர் மீட்டர் இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்டால், "அச்சா, அச்சா. பட்டாசு அத்தை மாதிரி கத்தாத" என்கிறாள். உன் சுருக்குப்பையில்தான் டாஃபி வைத்திருக்கிறாள். வெற்றிலைக் கறை இன்னும் போகவில்லை. வேலை இடத்துக்கு வந்துவிட்டதாக அவளிடமிருந்து போன் வரும்வரை நான் வாசலை விட்டு நகர மாட்டேன். ஆனாலும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. உன் தைரியத்தில் கொஞ்சம் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் அனுப்புகிறேன்.

இன்று பூசாரி, "முதல் டம்ளரு!" என்றதும் எல்லோரும் நீ நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள். நான் போய் மொண்டேன். பவி மீட்டரைப் பார்த்துவிட்டு, "இப்ப சரியாத்தான் இருக்கு மம்மி, ஒரு வாய் போதும்" என்று குடித்து, மீதியை எனக்குக் கொடுத்தாள். வெல்லம் தூக்கலாக இருந்தது. உன் கைப்பக்குவம் எனக்கு வராது.

அம்மனிடம் பேசிக்கொள்கிறேன் என்றாயே, இப்போது அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறாய். பேசினாயா? அவள் என்னடி சொன்னாள்?