இறங்காதவர்களுக்கும் விசா வேண்டும்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கிற வெள்ளைத் தொப்பி அம்மாள் கப்பலில் எங்கள் பக்கத்து அறைக்காரர். ஓய்வுபெற்ற பல் டாக்டர், தங்கமான மனிதர். முதலில் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் பிறகு படி. படிக்கும்போது பொடியனுக்கு உன் முகம் தெரியாதபடி கொஞ்சம் திரும்பி நின்றுகொள்.

நாங்கள் அந்தக் கப்பலில் இல்லையம்மா. நீ இதைப் படிக்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால், இதற்கு முந்தின துறைமுகத்திலேயே எங்களை இறக்கிவிட்டார்கள். இப்போது இங்கே பயணிகள் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஊர் சுற்றப் போன டாக்டர் அம்மாள் மூன்று மணிக்குத் திரும்பக் கப்பல் ஏற வருவார். அதற்குள் முடிக்க வேண்டும், அதனால் கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் நாட்டுக்காரர்கள் மூன்று முறை எங்களுக்கு விசா மறுத்தது உனக்கே தெரியும். வந்தால் திரும்பிப் போக மாட்டோமாம்! அங்கே எங்களுக்கு என்ன மாளிகையா கட்டி வைத்திருக்கிறது? நீயும் நம் ஊருக்கு வர வழியில்லை. குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது எல்லையைத் தாண்டினால், ஒன்பது வருடம் காத்திருந்தது அப்படியே போய்விடும். அப்போதுதான் டிராவல் ஏஜென்ட் இந்தக் கப்பலைக் காட்டினார். "ஊர் சுத்தவா சார் போறீங்க? பொண்ணத்தானே பாக்கணும்? கப்பலை விட்டு இறங்கலேன்னா விசாவே வேணாம். மேல நின்னு ஆசை தீரப் பாத்துட்டு வாங்க" என்றார். நீ துறைமுக வேலிக்கு வெளியே, நாங்கள் மேல் தளத்தில், ஒன்பது மணி நேரம். வயிறு நிறையாவிட்டாலும் கண்ணாவது நிறையும் என்று நினைத்தோம்.

அம்மா பைனாகுலர் வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு மாதம் மொட்டை மாடியில் பயிற்சி. எதிர்வீட்டுக்காரர் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை என்று என்னிடம் வந்து சொன்னாள். அந்த மனிதர் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை.

நேற்றுக் காலை கப்பல் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. "மத்த மூணு துறைமுகத்துக்கும் நீங்க இறங்கலேன்னா விசா வேண்டாம் சார். அடுத்து வர்ற இந்த ஒரு நாட்டுக்கு மட்டும், கப்பல் உள்ளேயே உக்காந்திருந்தாலும் வேணும். பேர் பட்டியல் அனுப்பினோம், உங்க ரெண்டு பேர் மட்டும் வரக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள். நான் கத்தினேன் சின்னு. வெட்கமாக இருக்கிறது, ஆனால் கத்தினேன். விதிமுறையைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவள் மேசையில் அடித்து வைத்தேன்.

அவள் பொறுமையாகப் புரட்டி 'இறங்காதவர்களுக்கும் விசா வேண்டும்' என்ற ஒரு வரியில் விரலை வைத்தாள். அந்த வரி முடிவில் முற்றுப்புள்ளி இல்லை. அது இல்லை என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தது நான்தான். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினவன் புத்தி வேறெப்படி இருக்கும்? எழுத்தைத்தான் பார்ப்போம். சொல்ல வந்த விஷயத்தில் மனம் போனால் பிழை தப்பிவிடும். அந்தக் காகிதத்தை நான்கு தடவை படித்தேன், இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தேன், ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். கப்பல் ஏறும்போதும் யாரும் கேட்கவில்லை. 'தேவையான விசாக்கள் உள்ளன' என்ற கட்டத்தில் நானே டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன். எதுவும் தேவையில்லை என்று நம்பின முட்டாள் போட்ட டிக். ஊரார் கல்யாணப் பத்திரிகை எல்லாம் திருத்துவேன், யாருக்குக் கல்யாணம் என்று அம்மா கேட்டால் விழிப்பேன். எத்தனை தடவை அதற்குத் திட்டியிருக்கிறாள்!

நேற்று அவள் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. துணிகளைத் தடவித் தடவி மடித்துப் பெட்டியில் வைத்தாள். "சரி விடுங்க, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க" என்றாள். நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன், இந்த ஒரு பத்தியை மட்டும் விட்டுவிட்டு. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது சின்னு. கண்ணில் நீரழுத்தமாம். வலது கண் போன வருடமே போய்விட்டது. இடது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம்தான் தெரிகிறது. இந்த வருடக் கடைசி வரை தாங்கினால் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். அதனால்தான் பைனாகுலர், அதனால்தான் இத்தனை அவசரம். மறுபடி விசா கேட்கலாமா என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தேன். விசா இல்லாமல் வந்து இறக்கிவிடப்பட்டவர்கள் என்று பதிவாகிவிட்டதாம், இனிமேல் கஷ்டம்தான் என்றாள். அம்மா பேரனின் முகத்தை நேரில் பார்க்கவே போவதில்லை. செய்தவன் நான்.

இதைப் படித்ததும் அடுத்த விமானத்தில் கிளம்பத் தோன்றும். உன்னைப் பெற்றவனுக்குத் தெரியாதா? வராதே. உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். வந்தால் உன்னைத் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். பொடியனும் மாப்பிள்ளையும் அங்கே, நீ இங்கே. வேலிக்கு இரண்டு பக்கமும் நிற்கிற பிழைப்பு எங்களோடு போகட்டும்.

நேற்று போனில் "கப்பல் சரியான நேரத்துக்கு வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தது அம்மா சொல்லித்தான். பொடியன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான், நீ லீவு போட்டிருக்கிறாய், அதைக் கெடுக்க வேண்டாம் என்றாள். நாளைக் காலை விமானத்தில் வீடு திரும்புகிறோம், அதற்கு மட்டும் இங்கே ஒரு நாள் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே. பொடியனுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இனி எழுதுவது அம்மா சொல்லச் சொல்ல. பொடியனிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமாம். தாத்தாவும் பாட்டியும் மேல் தளத்தில்தான் நிற்கிறார்கள் என்று கப்பலைக் காட்டச் சொல்கிறாள். அவ்வளவு தூரத்தில் குழந்தைக்கு முகம் தெரியாது. அவன் கையாட்டட்டும். கரையிலிருந்து எந்தக் குழந்தை கையாட்டினாலும் மேலே நிற்கிறவர்களில் யாராவது ஒருவர் பதிலுக்கு ஆட்டாமல் இருப்பதில்லை, இந்தப் பத்து நாளும் பார்த்துவிட்டோம். அப்படி ஆட்டுகிறவரைக் காட்டி, அதோ பாட்டி என்று சொல்லிவிடம்மா.

இப்படிக்கு,
அப்பா