மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள டெலியா,

கடவுளும் அவரைப் பெற்ற அன்னையும் உன்னையும் உன் அம்மாவையும் காக்கட்டும். இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு நலம். உன் அம்மா இரண்டு வாய் சூப்பாவது குடிக்கிறாரா? நீயும் தங்கைகளும் அவர் பக்கத்தில் முறை வைத்து உட்காருகிறீர்களா, இல்லை எல்லோரும் சேர்ந்தே உட்கார்ந்து அந்த மான்செஸ்டர் ஆஸ்பத்திரிக்காரர்களைப் பாடாய்ப் படுத்துகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சரியாகப் பேசவில்லை என்று உனக்குத் தோன்றியிருக்கும். நோனி என் முழங்கையை ஒட்டியே நின்றாள். அவள் காதில் விழக்கூடாததைச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

மழை விட்டபாடில்லை. முகாமின் குழாயை நகரசபை இன்னும் சரிசெய்யவில்லை. பார்னி அண்ணன் பாலினஸ்லோ சந்தையில் வாங்கிய கறுப்புக் குதிரைக்கு ஒரு கண் தெரியவில்லை. விற்றவனைப் பிடித்தால் என்ன செய்வேன் என்று தினமும் சொல்கிறார். குதிரை நன்றாகச் சாப்பிடுகிறது.

இனி பள்ளி விஷயம். நம் நாடோடிப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த பழைய பள்ளியின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். முகாம் வாசலுக்கு இப்போது பஸ் வருவதில்லை. மூடியது நல்லது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உன் அம்மா குளிப்பாட்டி, தலைவாரி அனுப்பிய உன்னை அங்கே தினமும் காலையில் மறுபடி துணியை உரித்துக் குளிப்பாட்டினார்கள் என்று நீ சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்பதும் நினைவிருக்கிறது. நம் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில், வீடுகளில் வாழும் நாட்டுக்காரர் பிள்ளைகளோடு சமமாக உட்கார வேண்டும் என்று தலைமையாசிரியர் ஹெஸ்லினிடம் பேசி இடம் வாங்கியதும் நீதான்.

நீ கப்பல் ஏறிய மறுநாளே நம் பிள்ளைகள் இருவரும் அங்கே போனார்கள். மைலி முதல் வாரம் முழுக்க அழுதான். பழைய பள்ளியில் அவன் அக்காவோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு முற்றம், பெரியவர்களுக்கு ஒரு முற்றம், நடுவில் தரையில் மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டக்கூடாது. நம் நோனி தாண்டினாள். இடைவேளை மணி அடித்ததும் மைலியின் வகுப்பு வாசலில் போய் நிற்பாள். மறு மணி அடித்தாலும் நகரமாட்டாள். டீச்சர் டுகன் என்னைக் கூப்பிட்டு, “இவ பாடத்துக்கு வர்றாளா, காவலுக்கு வர்றாளா?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நோனியிடம் கேட்டேன். “தம்பியப் பாத்துக்கோன்னு அம்மா எங்கிட்டதானே விட்டுட்டுப் போனாங்க? டீச்சர்கிட்டயா விட்டாங்க?” என்றாள். நம் ஆட்கள் யாரைக் கேட்டாலும் அவள் சொல்வதே சரி என்பார்கள்.

பிறகு மைலி அழுகையை நிறுத்திவிட்டான். பந்து விளையாட ஆரம்பித்தான். கோலில் நிற்பதில் அவன் கெட்டிக்காரனாம். இது நல்ல செய்தி, சந்தோஷப்படு.

ஆனால் ஒரு நாள் சாப்பிடும்போது அவனே சொன்னான், ஏதோ விளையாட்டுச் செய்தி போல. கூட ஆடும் பையன் ஒருவன், “டேய், அங்க ஒரு அக்கா உன்னையே பாத்துக்கிட்டு நிக்குதே, யாருடா அது?” என்று கேட்டானாம். இவன், “யாரோ, எனக்குத் தெரியாது” என்றானாம். ஏண்டா அப்படிச் சொன்னாய் என்றேன். “தெரியும்னா நானும் முகாம்னு தெரிஞ்சிடும்பா, கோல்ல நிக்க விடமாட்டாங்க” என்றான். நோனி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவன் சொன்னதை அவள் முற்றத்திலேயே கேட்டிருக்கிறாள். நான் அவனை அடிக்கவில்லை, டெலியா. ஆறு வயதுப் பிள்ளையை எதற்கென்று அடிப்பது?

அதற்குப் பிறகு அவள் முற்றத்தில் சுவரோரம் தனியாக நின்றாள். அவள் வகுப்பில் நம் ஆட்கள் வேறு யாரும் இல்லை. பார்னி அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நம்மில் ஒருவர் தனியாக நின்றால் என்ன செய்வோமோ அதையே அவர் செய்தார். தன் பையன்கள் நான்கு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளி கேட்டில் நிறுத்திவிட்டார். அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நோனி பார்த்தால் தனக்கும் ஆள் இருக்கிறது என்று தெரியட்டும், அவ்வளவுதான். பள்ளியில் பயந்துபோய்ப் போலீசைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளெல்லாம் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மைலியும் பார்த்தான்.

ஹெஸ்லினிடம் போய் விளக்கினேன். “துணைக்கு நிக்கிறவங்க கையக் கட்டிக்கிட்டு முறைச்சா நிப்பாங்க?” என்றார். பார்னி பிள்ளைகளுக்கு முகமே அப்படித்தான் என்றேன். சிரித்துவிட்டார். நோனி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றும் சொன்னார்.

ஏனென்றால் போலீஸ் வந்த அந்த நாளிலிருந்து நோனி பள்ளிக்குப் போகவில்லை. மைலி மட்டும் போகிறான். “அவனுக்கு நான் வேணாம். அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?” என்கிறாள். அழவில்லை. உன் கண்ணாடி அலமாரியில் இருக்கும் தட்டுகளைத் துடைத்துத் துடைத்து அடுக்குகிறாள். பார்னி அண்ணன், “பதினொரு வயசாச்சு, இனி என்னத்துக்குடா அவளுக்குப் படிப்பு? விட்டுத் தொலை, கிறிஸ்டி” என்கிறார். இரும்பு பொறுக்கிவிட்டு வந்தால் அடுப்பு எரிகிறது, உருளைக்கிழங்கு வெந்திருக்கிறது. நீ இல்லாத வண்டிவீட்டில் அது பெரிய ஆறுதல். நான் அவளைப் ‘போ’ என்று அழுத்திச் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நீ நினைத்தால் தப்பில்லை.

ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அம்மா சொன்ன வேலைய நான் சரியாச் செய்யலப்பா” என்றாள். செய்தாய் மகளே என்றேன். அவள் நம்பவில்லை. நான் சொல்லி ஆகாது. ஒப்படைத்தவள் நீ.

அதனால் ஒன்று கேட்கிறேன். இந்த ஞாயிறு போனில் நீயே அவளைக் கூப்பிடு. தம்பியை நன்றாகப் பார்த்துக்கொண்டாய், அந்த வேலை முடிந்துவிட்டது என்று சொல். இனி பள்ளிக்கு அவள் அவளுக்காகப் போக வேண்டும் என்றும் சொல். நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

உன் அம்மாவின் நெற்றியில் என் பெயரால் சிலுவை போடு. அவர் கையை விட்டுவிட்டு அவசரப்பட்டு வராதே, அது நம் வழக்கமில்லை. வரவேண்டிய நாள் வரும்போது வா. எந்த நேரக் கப்பலானாலும் துறைமுகத்தில் வந்து நிற்கிறேன்.

உன்
கிறிஸ்டி