கானுக்குள் நீட்டிய கை

புத்தகம் கிடைத்துவிட்டது, தெரியுமா? அட்டையோடு, கடைசிப் பக்கத்தோடு, முழுசாகக் கிடைத்துவிட்டது. என் மகள் கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் எதையோ புரட்டியிருக்கிறாள்; முதல் பக்கத்திலேயே நம் கரும்புத் தோட்டத்துக்காரி வந்து நின்றாளாம். என் வாயால் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துப்போன கதை ஆயிற்றே, விடுவாளா? ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கையில் கொடுத்தாள். நான் முதலில் முகர்ந்துதான் பார்த்தேன். கருவாட்டு வாசம் இல்லை. அந்த வாசம் இல்லாமல் இது நம் புத்தகம்தானா என்று கொஞ்ச நேரம் சந்தேகமாகவே இருந்தது.

ஹட்டன் பஜாரில் மளிகைக் கடை முதலாளி கருவாடு சுற்றுவதற்கு வைத்திருந்த பழைய தாள் கட்டில் அல்லவா நம் பிரதி கிடந்தது. அட்டை இல்லை. கடைசிப் பக்கங்கள் யார் வீட்டுக் கருவாட்டோடோ ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. எழுத்துக் கூட்டத் தெரியாத உனக்குப் புத்தகம் எதற்கு என்று முதலாளி சிரித்தார். "இவ படிப்பா, நான் கேப்பேன். ஒங்களுக்கு என்னாங்க?" என்று பிடுங்காத குறையாக வாங்கி வந்தாய். நாம் இருவரும் ஒரே வருஷம் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். ஒரே சுவர்தான் நம் இரண்டு வீட்டுக்கும். கொழுந்து பறிக்கப் போனாலும் ஒரே நிரைதான்.

பகல் சாப்பாட்டு நேரத்தில், ரொட்டியைத் தின்று முடித்த கையோடு நான் படிப்பேன். நாலைந்து பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு தீவு, அதில் ஒரு கரும்புத் தோட்டம், வெள்ளைக்காரத் துரை, அவன் விலைக்கு வாங்கிய கறுப்பினத்து அடிமைகள், அவர்களில் ஒருத்தி நம் கரும்புத் தோட்டத்துக்காரி. தமிழில் எழுதியவர் துரை என்றும் கங்காணி என்றும் நம் சொற்களாகவே போட்டிருந்தாரா, மூன்று நாளாக எல்லோரும் அதை நம் பக்கத்துத் தோட்டம் என்றே நினைத்துக்கொண்டார்கள். "நோட்டன் பிரிட்ஜ் பக்கமா இருக்குமோ?" என்றாள் ஒருத்தி. "அங்க ஏதுடி கரும்பு? கொத்மலையில அணை கட்டுனப்ப தண்ணிக்குள்ள போன ஊரா இருக்கும்," என்று நீ தீர்ப்பே சொல்லிவிட்டாய். கடல் தாண்டிய கதை என்று நான் சொன்னபோது உனக்குக் கோபம். "கடலு தாண்டியுமா இப்புடி?" என்றாய்.

துரை வீட்டு அம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் நிறத்தைச் சொல்லியே கூப்பிடும் இடம் வந்தது. நீ என்னை நிறுத்தச் சொன்னாய். "டவுன் பஸ்ஸுல நம்மள தோட்டக்காட்டு சனம்னு சொல்றாங்கள்ல, அந்த மாதிரியா?" என்று கேட்டாய். நான் பெரிய படிப்பாளி மாதிரி, "அதேதான். நாமளும் அடிமைங்கதான்," என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"இல்லடி. அவ புள்ளைய மடியில இருந்து புடுங்கி வித்தாங்க. எம் புள்ள லயத்துல தூங்குது. அவ பட்டத நாம பட்டோம்னு சொல்லக் கூடாது, அது பாவம்."

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் பேசக் கேட்டுவிட்டேன். இவ்வளவு நியாயமாக யாரும் சொன்னதில்லை.

அந்த அடிமைகள் தப்பி ஓடினால் மலைக்குத்தான் ஓடுவார்களாம், அங்கே யாரும் பிடிக்க முடியாதாம். இதைப் படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தோமே! "மலைக்குப் போனா விடுதலையா? அப்ப நாம எங்கடி இருக்கோம்?" என்று நீ கேட்க, கங்காணி கீழேயிருந்து சத்தம் போட, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அடுத்த நாள் படித்த பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. துரையின் வண்டி வந்தால் அடிமைகள் பாதையை விட்டுப் பள்ளத்தில் இறங்கி, அது போகும்வரை தலையைக் குனிந்து நிற்க வேண்டும். நீ ரொட்டியைக் கீழே வைத்தாய். "நாமளும் கான்ல எறங்குறோமே. எறங்கச் சொன்னது யாரு?" என்றாய். துரையின் ஜீப் வந்தால் ரோட்டோரமாகத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நிற்பதை நம் மாமியார்கள் செய்தார்கள், நாமும் செய்தோம். எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. "மத்ததெல்லாம் வேற. இந்தக் கானு மட்டும் ஒண்ணுதான்," என்றாய்.

அன்று சாயந்தரமே அது நடந்தது. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவில் சின்னத் துரையின் ஜீப். ஹாரன் கேட்டதும் எல்லோரும் கானுக்குள் இறங்கினோம். நானும்தான், என் கால் என்னைக் கேட்காமலே இறங்கிவிட்டது. நீ மட்டும் ரோட்டோரமாக நின்றாய். ஜீப் போகத் தாராளமாக இடம் இருந்தது. ஆனாலும் நிறுத்தினார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தலையை வெளியே நீட்டினார்.

"என்னா, காது கேக்கலயா?"

"கேக்குதுங்க ஐயா. வழி இருக்குங்களே, போங்க."

ஜீப் போனது. நீ திரும்பி, கானுக்குள் நின்ற எனக்குக் கையை நீட்டினாய். "புடி. சேறு வழுக்கும்," என்றாய். நான் பிடிக்கவில்லை. ஜீப்பின் கண்ணாடியில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, நாலடி தள்ளிப் போய் நானாக ஏறினேன். உன் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் உன் பேரை மட்டும் தனியாக வாசித்து, உச்சி மலைக்கு அனுப்பினார்கள். செங்குத்து, அட்டைக்கடி, காற்று. நானும் போகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீ என்னைத் திட்டவும் இல்லை. பகலில் அவ்வளவு தூரம் இறங்கி வந்து, "ஓடிப்போற அடிமைங்க மாதிரியே நானும் மலைக்கு ஏறிட்டேன், பாத்தியா?" என்று பல்லைக் காட்டியபடி உட்கார்ந்தாய். "ம், படி." சாப்பிட நேரம் போதாது, திரும்ப ஏறவேண்டும், ஆனாலும் அந்த மழை மாதம் முழுக்க தினமும் வந்தாய். கதை கேட்கத்தான் வருகிறாய் என்று நினைத்திருந்தேன்.

அவள் இருட்டோடு இருட்டாக மலையேறுகிற இடத்தில் நம் புத்தகம் முடிந்துவிட்டது. போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்று எத்தனை வருஷம் சண்டை போட்டோம்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே, "முடிவு தெரிஞ்சா வந்து சொல்லு," என்றாயே. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இதோ சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்துவிடுகிறாள், அடியே. மேலே அவளுக்கு ஒரு குடிசை, ஒரு கிழங்குத் தோட்டம் எல்லாம் கிடைக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பயத்தால் வரமாட்டேன் என்று கீழேயே நின்றுவிட்ட தங்கச்சியைக் கூட்டிப் போக, அவள் திரும்பவும் மலையிறங்கி வருகிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் கரும்புக்கு நடுவே நின்று கையை நீட்டுகிறாள். தங்கச்சி பிடித்தாளா என்று எழுதியவர் சொல்லவில்லை.

அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கதைக்கு அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். நீ தினமும் எதற்காக இறங்கி வந்தாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது அதே வளைவில் ஜீப் வந்தது. இப்போது வேறு துரை. பேத்தி எடுக்கிற வயதிலும் என் கால் கானைத்தான் தேடியது, மறைப்பானேன். ஆனால் நான் ரோட்டிலேயே நின்றேன். ஜீப் வேகத்தைக் குறைத்தது, ஒதுங்கியது, போய்விட்டது. யாரும் தலையை நீட்டவில்லை. புதன்கிழமை பெரட்டிலும் என் பேரைத் தனியாக வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் உச்சி மலைக்குப் போயிருப்பேன், அவ்வளவுதானே.

சொல்ல வந்தது அதுவல்ல. ஜீப் போனதும் திரும்பிப் பார்த்தேன். உன் இடத்தில் இப்போது என்னோடு கொழுந்து பறிப்பவள் கானுக்குள் நின்றுகொண்டு, போன ஜீப்பையே பார்த்திருந்தாள். நான் கையை நீட்டினேன். "புடி, சேறு வழுக்கும்," என்றேன்.

அவள் பிடித்துக்கொண்டாள்.